தீவு யாருடையது, ஊர் யாருடையது? – வாசகர் கேள்வி பதில்

இந்தியப் பெருங்கடலிலுள்ள சாகோஸ் தீவுக்கூட்டத்தின் இறையாண்மை மொரீஷியஸுக்கே என்று ஏற்கும் உடன்படிக்கையில் பிரிட்டனும் மொரீஷியஸும் 2025 மே 22 அன்று கையெழுத்திட்டதிலிருந்து, இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை அதைப் பற்றியே கேட்கின்றன. ஆகவே இந்த இதழின் கேள்வி பதில் பக்கங்களை முழுவதுமாக அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், ரோஸ் ஹில்: சுதந்திரம் பெறுவதற்காக நம் தலைவர்களே அந்தத் தீவுகளை மூன்று மில்லியன் பவுண்டுக்கு விற்றுவிட்டார்கள் என்று இளமையிலிருந்தே கேட்டு வருகிறேன். விற்ற பொருளைத் திருப்பிக் கேட்பது எந்த ஊர் நியாயம்?

மறுக்கும் உரிமை உள்ளவர் மனமொப்பிக் கொடுத்தால்தான் அது விற்பனை. 1965-இல் நம் தலைவர்களுக்கு அந்த உரிமை இருக்கவில்லை. அந்த ஆண்டு ஜூலையில் தீவுகளைப் பிரித்தெடுக்கும் யோசனையை பிரிட்டிஷ் ஆளுநர் முன்வைத்தபோது, பிரித்துத் தர இயலாது, வேண்டுமானால் 99 ஆண்டுக் குத்தகைக்கு விடலாம் என்றே மொரீஷியஸ் அமைச்சர்கள் பதில் சொன்னார்கள். லண்டன் அதை ஏற்கவில்லை. செப்டம்பரில் லங்காஸ்டர் மாளிகையில் அரசியலமைப்பு மாநாடு நடந்துகொண்டிருந்தபோதே, மொரீஷியஸ் தலைவர் சர் சிவசாகர் ராம்கூலம் பிரிட்டிஷ் பிரதமர் ஹரோல்ட் வில்சனைத் தனியே சந்திக்க அழைக்கப்பட்டார். அச்சந்திப்புக்கு முன்பு வில்சனுக்கு அவருடைய செயலாளர் எழுதித் தந்த குறிப்பு பின்னாளில் வெளியாயிற்று. சுதந்திரம் கிடைக்கும் என்னும் நம்பிக்கையை ஊட்டி, தீவுகள் விஷயத்தில் இணங்கி வராவிட்டால் அது கைநழுவிப் போகும் என்னும் அச்சத்தையும் சேர்த்தே ஊட்ட வேண்டும் என்பது அக்குறிப்பின் சாரம். செப்டம்பர் 23 அன்று நடந்த அந்தச் சந்திப்பில் இசைவு பெறப்பட்டது. நவம்பர் 8 அன்று ‘பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் ஆட்சிப்பகுதி’ என்னும் புதிய காலனி ஓர் அரசாணையால் உருவாக்கப்பட்டது. காலனிகளுக்கு விடுதலை அளிக்க வேண்டிய காலத்தில் புதிதாக ஒரு காலனியைப் படைத்தார்கள்.

பணக் கணக்கையும் முழுதாகப் பார்க்க வேண்டும். மொரீஷியஸுக்குக் கிடைத்தது மூன்று மில்லியன் பவுண்டு. அமெரிக்காவோ, சாகோஸின் மிகப் பெரிய தீவான டியாகோ கார்சியாவில் ராணுவத் தளம் அமைக்கும் வசதிக்காக, பிரிட்டன் வாங்கிய பொலாரிஸ் ஏவுகணைகளின் ஆராய்ச்சிச் செலவில் 14 மில்லியன் டாலரைத் தள்ளிக் கொடுத்தது. இது அமெரிக்க நாடாளுமன்றத்துக்கே தெரியாமல் மறைக்கப்பட்டிருந்தது.

2019 பிப்ரவரி 25 அன்று சர்வதேச நீதிமன்றம், மக்களின் சுதந்திரமான, உண்மையான விருப்பத்தின் பேரில் அந்தப் பிரிப்பு நடக்கவில்லை, ஆகவே மொரீஷியஸின் விடுதலை சட்டப்படி முழுமை பெறவில்லை, பிரிட்டன் தன் நிர்வாகத்தை இயன்ற விரைவில் முடித்துக்கொள்ள வேண்டும் என்று 13-க்கு 1 என்ற கணக்கில் கருத்துரைத்தது. அதே ஆண்டு மே மாதம் ஐ.நா. பொதுச்சபையில் 116 நாடுகள் அதற்கு ஆதரவாக வாக்களித்தன. எதிர்த்தவை ஆறு மட்டுமே. ஆகவே திருப்பிக் கேட்டது நியாயமே.

ஆனாலும் உங்கள் கேள்வியில் ஒரு முள் இருக்கிறது. அதைத் தவிர்த்துச் செல்ல எனக்கு மனம் வரவில்லை. 1965-இன் பேச்சுவார்த்தைகளில் சர்க்கரை விற்பனையும் பாதுகாப்பு உறுதியும் இழப்பீடும் பேசப்பட்டன. அந்தத் தீவுகளில் குடியிருந்தவர்களின் பிரதிநிதியாக ஒருவர்கூட அங்கே அமர்ந்திருக்கவில்லை. அவர்களும் மொரீஷியஸ் மக்களே என்று நாம் இன்று உரக்கச் சொல்கிறோம். அன்று அவர்களைக் கேட்க வேண்டும் என்று நம்மவரும் வற்புறுத்தவில்லை.

வாசகி, போ பாசன்: எங்கள் தெருவில் சாகோஸில் பிறந்த மூதாட்டி ஒருவர் இருக்கிறார். ‘வைத்தியத்துக்கு வந்தோம், திரும்பிப் போகக் கப்பல் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்’ என்பார். இப்படியும் நடந்திருக்குமா? எல்லோரையும் எப்படி வெளியேற்றினார்கள்?

நடந்தது, அம்மா. வெளியேற்றத்தின் முதல் கட்டமே அதுதான். பிரசவத்துக்கோ சிகிச்சைக்கோ சாமான் வாங்கவோ போர்ட் லூயிக்கு வந்துபோவது தீவுவாசிகளுக்கு வழக்கம். 1968 வாக்கில் அவ்வாறு வந்தவர்கள் திரும்பிச் செல்லக் கப்பலில் இடம் கேட்டபோது, உங்கள் தீவு விற்கப்பட்டுவிட்டது, இனிப் போக முடியாது என்று சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். பிற்காலத்தில் சாகோஸ் அகதிகள் குழுவின் தலைவரான ஒலிவியே பான்கூல் அப்போது நான்கு வயதுச் சிறுவர். வண்டிச் சக்கரம் ஏறிக் கால் நசுங்கிய அவருடைய சகோதரியின் சிகிச்சைக்காகவே அவர்கள் குடும்பம் சாகோஸின் பெரோஸ் பான்யோஸ் தீவுகளிலிருந்து இங்கே வந்தது. சிறுமி பிழைக்கவில்லை, குடும்பத்தால் திரும்பவும் முடியவில்லை. உங்கள் தெரு மூதாட்டிக்கு நேர்ந்ததும் இதுவே.

அடுத்து, தீவுகளில் இருந்தவர்களுக்கு வந்துகொண்டிருந்த அரிசியும் மருந்தும் குறைந்தன. கப்பல்கள் அரிதாயின. இருக்க முடியாத நிலையை உண்டாக்கிவிட்டு, அவர்களாகவே போய்விட்டார்கள் என்று கணக்கு எழுதுவது எளிது. 1971 ஜனவரியில் டியாகோ கார்சியா மக்களைக் கூட்டி, தீவு மூடப்படுகிறது என்று அறிவித்தார்கள். கொப்பரை உலர்த்தும் கொட்டகைக்குள் தீவு மக்களின் வளர்ப்பு நாய்கள் அடைக்கப்பட்டு நச்சுப்புகையால் கொல்லப்பட்டன. அதை நேரில் கண்ட குழந்தைகள் இன்று முதியவர்கள். நாய்களைப் பற்றிப் பேசாமல் அவர்களில் எவரும் அந்த ஆண்டைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. நாய்களுக்கு நேர்ந்தது நமக்கும் நேரும் என்று அவர்கள் அன்று அஞ்சினார்கள்.

டியாகோ கார்சியாவிலிருந்து சிலர் சீஷெல்ஸுக்கும் மொரீஷியஸுக்கும், சிலர் சாகோஸின் மற்றத் தீவுகளுக்கும் ஏற்றிச் செல்லப்பட்டார்கள். 1972-இல் சாகோஸைச் சேர்ந்த சாலமன் தீவுகள் காலியாயின. 1973-இல் பெரோஸ் பான்யோஸ். மொத்தம் 1,500 முதல் 2,000 பேர் வரை. கடைசிப் பயணத்தில் சென்ற லிஸ்பி எலிசே அம்மையார் 2018-இல் சர்வதேச நீதிமன்றத்துக்கு அளித்த வாக்குமூலத்தை எல்லோரும் கேட்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத அவர் தம் தாய்மொழியான கிரியோலில் ஒளிப்பதிவாகப் பேசினார். தம் தீவு கண்ணில் படாதபடி இருட்டில் கப்பலேற்றியதையும், நோர்ட்வேர் என்னும் அந்தக் கப்பலில் விலங்குகளைப் போல அடைக்கப்பட்டிருந்ததையும், நான்கு மாதக் கர்ப்பிணியாகப் பயணம் செய்த தமக்கு இங்கே பிறந்த குழந்தை இறந்துபோனதையும் சில நிமிடங்களில் சொல்லி முடித்தார். ஆயிரக்கணக்கான பக்க ஆவணங்கள் சொல்லாததை அந்தச் சில நிமிடங்கள் சொல்லிவிட்டன.

இங்கே வந்திறங்கிய கதையும் நமக்குப் பெருமை தருவதன்று. 1973-இல் வந்தவர்களில் பலர், தங்குமிடம் தராமல் இறங்க மாட்டோம் என்று துறைமுகத்தில் கப்பலிலேயே அமர்ந்துவிட்டார்கள். பிறகு அவர்களுக்கு ஒதுக்கப்பட்டவை தண்ணீரும் மின்சாரமும் இல்லாத, பாழடைந்த குடியிருப்புகள். தென்னந்தோப்பும் கடலுமே தெரிந்தவர்கள் போர்ட் லூயியின் ரோஷ் புவாவிலும் கசிஸிலும் வேலையின்றித் திண்டாடினார்கள். மறுகுடியேற்றத்துக்காக பிரிட்டன் 1972-இல் மொரீஷியஸ் அரசிடம் கொடுத்த 650,000 பவுண்டு, 1977-78 வரை அவர்கள் கைக்கு வந்து சேரவில்லை. அதற்குள் விலைவாசி ஏறிப் பணத்தின் மதிப்பு கரைந்துபோயிருந்தது. 1982 உடன்பாட்டின்படி பிரிட்டன் தந்த நான்கு மில்லியன் பவுண்டைப் பெறும்போதும், ஊர் திரும்பும் உரிமையைக் கைவிடுவதாக ஆங்கிலத்தில் எழுதியிருந்த படிவங்களில், அந்த மொழி தெரியாதவர்கள் கைநாட்டு வைத்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டுகளில் பிரிட்டிஷ் தூதரகத்தின் முன் அமர்ந்தும், உண்ணாநோன்பிருந்தும், காவலர்களிடம் அடிபட்டும் போராடியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஷார்லேசியா அலெக்சிஸ், லிசெட் தாலாத் ஆகிய இருவரின் பெயர்களும் நம் பள்ளிப் பாடங்களில் இருக்க வேண்டியவை.

இளைஞர், கத்ர் போர்ன்: சாகோஸில் இந்தியர்கள், குறிப்பாகத் தமிழர்கள் வாழ்ந்தார்களா?

அங்கே முதலில் கொண்டுசெல்லப்பட்டவர்கள் மொசாம்பிக்கிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் பிடிக்கப்பட்ட அடிமைகள். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சுக்காரர்கள் தென்னந்தோப்புகளைத் தொடங்கியபோது அது நடந்தது. அடிமைமுறை ஒழிந்த பிறகு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளும் அனுப்பப்பட்டார்கள். மூன்று நான்கு தலைமுறைக்குள் எல்லோரும் கலந்து, கிரியோல் பேசும், பெரும்பாலும் கத்தோலிக்கச் சமயத்தைப் பின்பற்றும் ஒரே மக்களாயினர். டியாகோ கார்சியாவிலிருந்து அகற்றப்பட்டதற்காக 1975-இல் பிரிட்டிஷ் அரசின்மீது முதன்முதலில் லண்டனில் வழக்குத் தொடுத்தவரின் பெயர் மிஷேல் வெங்கடேசன். அந்தப் பெயர் எந்தக் கரையிலிருந்து கடல் கடந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் நம்மவர் இருந்தார்களா என்று தேடிப்பார்த்த பிறகுதான் அனுதாபம் பிறக்க வேண்டும் என்பதில்லை. ஆட்சியாளர் வரைந்த ஒப்பந்தத்தின் பேரில் கப்பலேறி வந்த முன்னோரைக் கொண்ட நமக்கு, ஆட்சியாளர் வரைந்த கோட்டினால் கப்பலேற்றப்பட்டவர்களின் துயரம் விளங்காமல் போகாது.

கணக்காளர், போர்ட் லூயி: அண்டை நாடான மாலத்தீவு 2019-இல் நமக்கு எதிராக வாக்களித்தது ஏன்? கடல் எல்லை வழக்கு எப்படி முடிந்தது?

வரைபடத்தைப் பார்த்தால் காரணம் புலப்படும். சாகோஸ் இங்கிருந்து ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர் வடகிழக்கே இருக்கிறது. மாலத்தீவின் தென்கோடியிலிருந்தோ சுமார் 500 கிலோமீட்டர்தான். இரு கரைகளுக்கும் இடையிலான தொலைவு 400 கடல் மைல்களுக்கும் குறைவு என்பதால், தலா 200 கடல் மைல் என இரு நாடுகளும் கோரும் பொருளாதார மண்டலங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. சூரை மீன் பிடிப்பை வாழ்வாதாரமாகக் கொண்ட மாலத்தீவுக்கு அந்தக் கடல் சிறிய விஷயமன்று. தீவுகள் பிரிட்டனுடையவையா மொரீஷியஸுடையவையா என்று முடிவாகாத நிலையில் மொரீஷியஸோடு எல்லை பேச முடியாது என்பதே அவர்களின் வாதம்.

அந்த வாதத்தைச் சர்வதேசக் கடற்சட்டத் தீர்ப்பாயத்தின் சிறப்பு அமர்வு 2021 ஜனவரி 28 அன்று தள்ளிவிட்டது. பிறகு 2023 ஏப்ரல் 28 அன்று எல்லைக்கோட்டை வரைந்து, ஒன்றன்மேல் ஒன்று படிந்த கடற்பரப்பை இரு நாடுகளுக்கும் கிட்டத்தட்டச் சரிபாதியாகப் பிரித்தது. 200 மைலுக்கு அப்பாலுள்ள கடலடிப் பரப்பின்மீது நாம் வைத்த கோரிக்கை ஏற்கப்படவில்லை. வாளும் வேலும் இல்லாமல் இரு அண்டை நாடுகள் ஒரு வழக்கை இப்படி முடித்துக்கொண்டது பாராட்டத்தக்கது.

அந்த வழக்குக்காக நீரடித் திட்டு ஒன்றை அளக்க மொரீஷியஸ் 2022 பிப்ரவரியில் அனுப்பிய கப்பலில், சாகோஸில் பிறந்த ஐந்து பேரும் சென்றார்கள். 2006-இல் கல்லறைகளைத் தரிசிக்கச் சுமார் நூறு பேர் அழைத்துச் செல்லப்பட்டபோது பிரிட்டிஷ் அதிகாரிகள் உடனிருந்தார்கள். 2022-இல் பெரோஸ் பான்யோஸில் காவலும் அனுமதிச் சீட்டும் இல்லாமல் அவர்கள் கரையேறினார்கள். எலிசே அம்மையாரும் அவர்களில் ஒருவர். அங்கே மொரீஷியஸ் கொடி ஏற்றப்பட்டது நாளிதழ்களில் பெரிதாக வந்தது. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றியது, அவர்கள் தாங்களாகவே தங்கள் மாதா கோயிலின் இடிபாட்டுக்கு வழி கண்டுபிடித்து நடந்ததுதான்.

வாசகர், செந்தெனி, ரெயூனியோன்: எங்கள் தீவுக்கும் உங்கள் தீவுக்கும் இடையே த்ரொமெலின் தீவு பற்றிய தகராறு இருக்கிறதே, அதையும் சாகோஸோடு ஒப்பிடலாமா?

அரசுகளின் கோரிக்கை என்ற அளவில் ஒப்பிடலாம். மக்கள் என்ற அளவில் முடியாது. ஏறத்தாழ ஒரு சதுர கிலோமீட்டர் பரப்புள்ள த்ரொமெலினில் வானிலை நிலையம் உண்டு, குடியிருப்பவர் இல்லை. பிரான்ஸின் ஆட்சியிலுள்ள அந்தத் தீவைக் கூட்டாக நிர்வகிக்க 2010-இல் இரு நாடுகளும் செய்துகொண்ட ஒப்பந்தம், பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் எதிர்ப்பு எழுந்ததால் 2017-இல் நிகழ்ச்சி நிரலிலிருந்தே எடுக்கப்பட்டது.

ஆனால் அந்த மணல்திட்டிலும் கைவிடப்பட்ட மக்கள் இருந்தார்கள். 1761-இல் அங்கே உடைந்துபோன பிரெஞ்சுக் கப்பலில் மடகாஸ்கரிலிருந்து கடத்திவரப்பட்ட அடிமைகள் இருந்தார்கள். மாலுமிகள் படகு கட்டிக்கொண்டு, திரும்பி வந்து அழைத்துச் செல்வதாக வாக்குக் கொடுத்துப் புறப்பட்டார்கள். பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1776-இல், மீட்புக் கப்பல் வந்தபோது உயிரோடிருந்தவர்கள் ஏழு பெண்களும் ஒரு கைக்குழந்தையுமே. அந்தக் கப்பலை ஓட்டி வந்தவரின் பெயரையே தீவு தாங்கியிருக்கிறது.

இல்லத்தரசி, வாகுவா: டியாகோ கார்சியாவில் இலங்கைத் தமிழர்கள் பல ஆண்டுகள் அடைபட்டிருந்தார்கள் என்று உறவினர் சொன்னார். ராணுவத் தளத்துக்கு அவர்கள் எப்படிப் போனார்கள்?

போகவேண்டும் என்று போகவில்லை. 2021 அக்டோபரில், இலங்கைத் தமிழர் 89 பேர் குழந்தைகளோடு ஒரு மீன்பிடிப் படகில் கனடாவை நாடிப் புறப்பட்டு, நடுக்கடலில் படகு பழுதாகித் தத்தளித்தபோது, பிரிட்டிஷ் அதிகாரிகளால் டியாகோ கார்சியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். பிறகு வேறு படகுகளிலும் சிலர் வந்து சேர்ந்தார்கள். வேலியிட்ட ஒரு முகாமில், கூடாரங்களில், காவலர் துணையின்றி வெளியே நடமாட முடியாமல் அவர்களில் பலர் மூன்று ஆண்டுகளுக்கு மேல் இருந்தார்கள். கூடாரங்களில் எலித் தொல்லை, உண்ணாநோன்புகள், உயிரை மாய்த்துக்கொள்ளும் முயற்சிகள். சிலர் மனமுடைந்து இலங்கைக்கே திரும்பினார்கள். சிகிச்சைக்காகச் சிலர் ருவாண்டாவுக்கு அனுப்பப்பட்டார்கள்.

அவர்கள் தொடுத்த வழக்கின் விசாரணைக்காக 2024 செப்டம்பரில் நீதிபதியே அந்தத் தீவுக்கு வந்தார். டிசம்பரில் பெரும்பாலோர் பிரிட்டனுக்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள். அதே மாதத்தில், அவர்கள் சட்டத்துக்குப் புறம்பாக அடைத்துவைக்கப்பட்டிருந்தார்கள் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இந்தச் செய்தியை நம் வீடுகளில் பேசும்போது ஈழத்தமிழர் துயரமாக மட்டுமே பேசுகிறோம். அந்த முகாம் இருந்தது, ஊர்க்காரர்கள் வெளியேற்றப்பட்ட மண்ணில். அங்கே நிரந்தரக் குடிமக்கள் எவரும் இல்லை என்று உலகுக்குக் காட்டுவதற்காகவே 1960-களில் அதிகாரிகள் கடிதங்கள் எழுதிக்கொண்டார்கள். கடற்பறவைகளைத் தவிர வேறு பூர்வகுடி அங்கே இராது என்று ஓர் உயரதிகாரி எழுதிய வரி இன்று எவரும் படிக்கக் கிடைக்கிறது. மக்களே இல்லாத இடம் என்று அறிவித்துவிட்டால், அங்கே வந்து சேரும் எவருக்கும் உரிமை கேட்க ஊர்ச்சபை இல்லை, பத்திரிகை இல்லை, பக்கத்து வீட்டுக்காரர் இல்லை. பிறந்தவர்கள் போக முடியாமலும், ஒதுங்கியவர்கள் வெளியேற முடியாமலும் ஒரே தீவு இரு மக்களுக்கும் கதவடைத்தது. சாகோஸ் மக்களின் வழக்கில் தமிழருக்கு என்ன அக்கறை என்று கேட்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள், அம்மா.

டாக்சி ஓட்டுநர், போர்ட் லூயி: தீவுகள் நமக்கே என்று பிரிட்டன் ஒப்புக்கொண்டது. அந்த உடன்படிக்கையை எதிர்த்து சாகோஸ்காரர்களே லண்டனில் வழக்குப் போடுகிறார்கள். இது நன்றிகெட்ட செயல் அல்லவா?

இல்லை ஐயா. நன்றி சொல்ல வேண்டிய நிலையில் அவர்கள் இல்லை. அவர்களுக்குத்தான் எல்லோரும் கடன்பட்டிருக்கிறார்கள். 2025 மே 22 அன்று கையெழுத்திடும் வேளைக்குச் சில மணிநேரம் முன்பு, டியாகோ கார்சியாவில் பிறந்த இரண்டு பெண்கள் லண்டன் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை பெற்றார்கள். அன்றே அத்தடை நீக்கப்பட்டு உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. எங்கள் ஊரைப் பற்றிப் பேசும்போது எங்களைக் கேட்கவில்லை என்பதே அவர்களின் முறையீடு. 1965-இல் சொல்லியிருக்க வேண்டியதை அவர்கள் 2025-இல் சொன்னார்கள்.

சாகோஸ் மக்கள் ஒரே குரலில் பேசவில்லை என்பதையும் நாம் உணர வேண்டும். இங்கே பான்கூல் தலைமையிலான குழு உடன்படிக்கையை வரவேற்றது. 2002-இல் பிரிட்டிஷ் குடியுரிமை கிடைத்த பிறகு ஆயிரக்கணக்கானோர் லண்டனுக்குத் தெற்கே, கேட்விக் விமான நிலையத்தை அடுத்த கிராலி நகரில் குடியேறியிருக்கிறார்கள். அவர்களில் பலர் மொரீஷியஸ் ஆட்சியை நம்பவில்லை. சீஷெல்ஸில் இறக்கிவிடப்பட்டவர்களோ பெரும்பாலான இழப்பீடுகளில் சேர்க்கப்படவே இல்லை. அரை நூற்றாண்டாக மூன்று நாடுகளில் சிதறடிக்கப்பட்ட ஒரு சமூகத்திடம் ஒரே கருத்தை எதிர்பார்ப்பது முறையன்று.

உடன்படிக்கை தருவது என்ன? சாகோஸ் முழுவதன் மீதும் மொரீஷியஸின் இறையாண்மையை அது ஏற்கிறது. டியாகோ கார்சியாவை 99 ஆண்டுகளுக்கு பிரிட்டனே நடத்தும். அதற்காக ஆண்டுக்குச் சராசரியாக 101 மில்லியன் பவுண்டு நமக்குத் தரும். சாகோஸ் மக்களின் நலனுக்கென 40 மில்லியன் பவுண்டு அறக்கட்டளை நிதி உண்டு. மற்றத் தீவுகளில் மொரீஷியஸ் மறுகுடியேற்றம் செய்யலாம். இரு நாடுகளும் தத்தம் சட்ட நடைமுறைகளை முடித்து ஒன்றுக்கொன்று தெரிவித்த பிறகே அது நடைமுறைக்கு வரும். கையெழுத்தாவது வேறு, நடைமுறைக்கு வருவது வேறு.

டியாகோ கார்சியாவில் பிறந்தவரின் இடத்தில் இருந்து இதைப் பாருங்கள். தீவுகளிலேயே பெரியதும், மக்கள் மிகுதியாக வாழ்ந்ததும் அதுதான்; அங்கே மட்டும் அவர் குடியேற முடியாது. 99 ஆண்டு என்பது நாட்டின் வாழ்வில் ஓர் அத்தியாயமாக இருக்கலாம். எழுபது வயதைக் கடந்தவருக்கு அது ‘ஒருபோதும் இல்லை’ என்பதே. இவர்கள் முன்பும் ஏமாந்தவர்கள். ஊர் திரும்பும் உரிமைக்கான வழக்கில் 2000-இல் லண்டன் உயர்நீதிமன்றத்தில் பான்கூல் வென்றார். 2004-இல் அரசி பெயரால் பிறப்பித்த ஆணைகளால், நாடாளுமன்ற விவாதமே இன்றி, அந்த வெற்றி பறிக்கப்பட்டது. 2008-இல் பிரபுக்கள் சபையின் நீதிபதிகள் 3-க்கு 2 என்ற கணக்கில் அந்த ஆணைகளை உறுதிசெய்தார்கள். 2010-இல் அந்தக் கடல் ஏறக்குறைய முழுவதும் மீன்பிடிக்கத் தடைசெய்யப்பட்ட பாதுகாப்பு மண்டலம் ஆக்கப்பட்டது. அந்த அறிவிப்பு சட்டமீறல் என்று 2015-இல் நடுவர் மன்றம் சொன்னது.

என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். இறையாண்மை நமக்கு உரியது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நாட்டுக்கு நிலம் திரும்புவதும், மக்கள் ஊருக்குத் திரும்புவதும் இருவேறு கடமைகள். முதலாவது நிறைவேறினாலும், அதனாலேயே இரண்டாவதும் நிறைவேறிவிட்டதாக நாம் கணக்கை மூடிவிடக் கூடாது. 1972-இன் பணத்தை ஐந்து ஆண்டுக்கு மேல் வைத்திருந்தவர்கள் நாம். ஆகவே இந்த 40 மில்லியனை நிர்வகிக்கும் குழுவில் சாகோஸ் மக்களே பெரும்பான்மையாக இருக்க வேண்டும். மூன்று நாடுகளிலிருந்தும் அவர்களே தேர்ந்தெடுக்க வேண்டும். பெரோஸ் பான்யோஸுக்கும் சாலமனுக்கும் படகுத்துறை, குடிநீர், மருத்துவர் ஆகியவற்றுக்கான திட்டத்தைத் தேதியோடு அறிவிக்க வேண்டும். கடல்மட்டத்துக்கு ஓரிரு மீட்டர் மட்டுமே உயரமுள்ள பவளத்தீவுகள் அவை. தள்ளிப்போடும் ஒவ்வோர் ஆண்டும் கரையையும் அரிக்கிறது, ஊரை நினைவில் வைத்திருப்பவர்களையும் குறைக்கிறது.

ஒரு தாய், பொயிண்ட் ஓ சாப்ல்: கல்லூரித் திட்டப்பணிக்காக என் மகள் சாகோஸ் முதியவர்களைச் சந்தித்து எழுத விரும்புகிறாள். எப்படித் தொடங்குவது?

உங்கள் வட்டாரத்திலேயே அவர்கள் இருக்கிறார்கள். சாகோஸ் அகதிகள் குழுவின் நிலையமும் அங்கேதான் இருக்கிறது. முதலில் அங்கே சென்று அனுமதி கேட்கட்டும். பேச்சு கிரியோலில் இருக்கட்டும். பள்ளிக்கூடப் பிரெஞ்சு வேண்டாம். நாடுகடத்தலைப் பற்றிய கேள்வியோடு தொடங்க வேண்டாம். அதை அவர்கள் வழக்கறிஞர்களிடமும் நிருபர்களிடமும் பல நூறு முறை சொல்லிக் களைத்திருக்கிறார்கள். எந்தக் குடியிருப்பில் வீடு இருந்தது என்று கேட்கட்டும்: டியாகோ கார்சியாவில் ஈஸ்ட் பாயிண்டா, பொயிண்ட் மரியானா, மினி மினியா, சாலமனில் போதாம் தீவா, பெரோஸில் குவான் தீவா. அடுத்த வீட்டில் யார் இருந்தார்கள், கொப்பரைக் கொட்டகையில் தாய் என்ன வேலை செய்தார், தேங்காய்ப்பாலில் மீனைச் ‘செராஸ்’ ஆக்குவது எப்படி என்று கேட்டால் பேச்சு தானாக ஓடும். தாளில் தீவின் உருவத்தை வரைந்து கொடுத்தால், வீடு, கிணறு, மாதா கோயில், கல்லறை ஆகியவற்றை அவர்களே குறித்துக் காட்டுவார்கள். குறித்தவரின் பெயரையும் தேதியையும் ஒவ்வொரு தாளிலும் எழுதி வைக்கட்டும்; வழக்குகளிலும் மறுகுடியேற்றத்திலும் அந்தத் தாள்கள் சான்றாகப் பயன்படக்கூடும். ஒலிப்பதிவு செய்வதானால் முன்பே இசைவு பெற்று, பதிவின் ஒரு பிரதியை அந்தக் குடும்பத்திடமே கொடுத்துவிடச் சொல்லுங்கள்.